மாயக் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



சமீப காலத்தில் வெளிவந்த மாய நாவல்களையும் விஞ்ஞான நாவல்களையும் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் எழுத்தாளனுமல்ல, பண்டிதனுமல்ல. கையில் கிடைத்ததைப் படிக்கிறவன். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

“மந்திரமும் மாயமும் உள்ள புத்தகத்தை நாம் ஏன் படிக்கவேண்டும்?” என்று ஒரு தோழர் சற்றுமுன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாவலாசிரியர்கள் இது நாங்கள் கட்டிய கதை என்று அட்டையிலேயே சொல்லிவிடுகிறார்கள். நம்பாதவனுக்கு நரகமென்பதில்லை, புத்தகத்துக்கு விலை கொடுத்ததோடு சரி, தட்சணை கேட்பாருமில்லை. ஆகவே மாயத்தைப்பற்றி எனக்கு ஆட்சேபணை கிடையாது. என் ஆட்சேபணை வேறு. இவ்வகை நாவல்கள் பலவற்றில் ஏழை வீட்டில் வளர்ந்த பையன் கடைசியில் ராஜ ரத்தம் உடையவனென்று தெரிந்து, ஏதோ ஒரு தீர்க்கதரிசனப்படி முடிசூடிக்கொள்ளுகிறான். அவன் பட்ட பாட்டுக்கு மதிப்பில்லை, பிறவிக்குத்தான் மதிப்பு. ஒரு புது உலகத்தையே கட்டிக்கொள்ளும் சுதந்திரம் கையிலிருந்தும், பழைய பிறவிப் பெருமையையே அங்கும் கொண்டுபோய் நட்டால் அது என்ன கற்பனை?

இதற்கு மாறான ஒன்றைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் கறுப்பினத்தைச் சேர்ந்த என். கே. ஜெமிசின் அம்மையார் 2015-ல் “ஐந்தாவது பருவம்” என்ற நாவலை வெளியிட்டார். அதற்கும் அதன் தொடர்ச்சியான இரண்டு பாகங்களுக்கும் 2016, 2017, 2018 ஆகிய மூன்று வருஷங்களும் அடுத்தடுத்து ஹ்யூகோ பரிசு கிடைத்தது. அதற்குமுன் யாருக்கும் அப்படிக் கிடைத்ததில்லை. கதை நடக்கும் தேசத்தில் ஓயாமல் பூகம்பம். அதை அடக்கும் சக்தி சிலருக்கு உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் ஊர் பிழைக்காது. அப்படியிருந்தும் அவர்களைத்தான் இழிபெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அடித்துக் கொல்லுகிறார்கள். பிடித்துக்கொண்டுபோய்ப் பழக்கி வேலை வாங்குகிறார்கள். அடங்காத பிள்ளையின் மூளையைக் கெடுத்து, நாற்காலியில் பிணைத்து, நினைவில்லாமலே பூமியை அடக்கவைக்கிறார்கள். அந்த இடத்தைப் படித்தபிறகு என்னால் அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் ஆதாரம் என்னவென்றால், கல்லில் எழுதிவைத்த பழைய வாக்கியங்களாம்! அந்தக் கல்லெழுத்தே காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டு வந்ததென்று ஒரு பாத்திரம் போட்டு உடைக்கிறான். தோழர்களே, கதை வேறு தேசத்தினுடையதுதான். ஆனால் இந்தச் சங்கதி நமக்குப் புதிதா?

ஒரு குறையும் உண்டு. இழிவு பிறவியில் இல்லையென்று காட்டவந்த அம்மையார், சக்தியை மட்டும் பிறவியிலேயே வைத்துவிட்டார். இது எனக்குச் சமாதானமாகவில்லை.

சக்தி பிறவியிலில்லாத கதை வேண்டுமானால் ஆண்டி வியர் எழுதிய “மார்ஷியன்” இருக்கிறது. 2011-ல் தாமே வெளியிட்டார். 2014-ல் ஒரு பதிப்பகம் அச்சிட்டது. செவ்வாய்க் கிரகத்தில் தனியே அகப்பட்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிறான். பயிருக்குத் தண்ணீர் வேண்டும். ராக்கெட் எரிபொருளிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து எரித்துத் தண்ணீர் உண்டாக்குகிறான். பற்றவைக்க விறகு? அங்குள்ள சாமான்கள் எதுவும் எளிதில் தீப்பிடிக்காதவை. கடைசியில் கூட வந்தவர் விட்டுப்போன மரச்சிலுவை அகப்படுகிறது. அதைச் சிறாய் சிறாயாகச் சீவிக்கொள்ளுகிறான். ஆசிரியர் இதற்காக ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, அதுவே அழகு.

சீன தேசத்து லியூ சிசின் எழுதிய “த்ரீ-பாடி ப்ராப்ளம்” 2008-ல் புத்தகமாக வந்தது. ஆங்கிலத்தில் வந்தபின் 2015-ல் ஹ்யூகோ பரிசு பெற்றது. பாத்திரங்கள் மரப்பொம்மைகள்தான். ஆயினும் அதில் வேற்றுலகவாசிகளைக் காணாமலே ‘ஆண்டவன்’ என்று கும்பிடும் ஒரு கூட்டம் வருகிறது பாருங்கள், அதற்காகப் படிக்கலாம். அந்த ஆண்டவனோ மனிதர்களைப் பூச்சிகள் என்கிறான்!