களிக்கட்டியும் வழுக்கு நீரும்

மோட்டார் வண்டியின் எந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே பலர். அதன் மேற்பூச்சைப் பற்றிச் சிந்திப்போர் சிலர். எந்திரம் பழுதுற்றால் வண்டி வழியில் நின்றுவிடும். பூச்சுப் பழுதுற்றாலோ வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். ஆதலினாலேதான் அதனை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் பூச்சு என்பது வெறும் அலங்காரம் அன்று. இரும்புத் தகட்டுக்கும் உப்புக் காற்றுக்கும் இடையே நிற்கும் வேலி அது. கடல் சூழ்ந்த நம் நாட்டில் அவ்வேலி சிதைந்தால், துரு உள்ளே புக நெடுங்காலம் வேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களைப் பொறுத்தமட்டில் 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீளவும் அனுமதிக்கப்பட்டது. கையிலுள்ள வண்டியைப் பேணிக் காப்பதன் அருமையை அக்காலம் நமக்கு நன்கு உணர்த்தியது.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், களிக்கட்டியால் வண்டியின் பூச்சைத் துப்புரவு செய்யும்போது இடையில் இட வேண்டிய திரவம் யாது என்பதே. சிறிய வினாவாகத் தோன்றும். ஆனால் அந்தத் துப்புரவு பூச்சுக்கு நன்மையாய் முடிவதும் தீமையாய் முடிவதும் பெரும்பாலும் இவ்வொரு தெரிவிலேயே தங்கியிருக்கின்றன.

முதலில், களிக்கட்டி எதற்காக என்பதைக் காண்போம். நன்றாகக் கழுவித் துடைத்த வண்டியொன்றின் மீது, மெல்லிய பொலித்தீன் பையினுள் விரல்களை இட்டு, இலேசாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போலத் தோன்றும் பரப்பு, விரலுக்கு மணற்றாள் போலச் சொரசொரக்கும். தடுப்புக் கட்டைகள் தேயும்போது பறக்கும் இரும்புத் துகள், புகையிரதப் பாதையருகே காற்றில் மிதக்கும் இரும்புப் பொடி, கட்டட வேலை நடக்கும் இடத்துச் சீமெந்துத் தூள், மரத்துப் பிசின் ஆகியவை பூச்சில் ஒட்டியும் பதிந்தும் கிடக்கின்றன. சவர்க்கார நீர் இவற்றை முற்றாக அகற்றுவதில்லை. இவற்றைப் பற்றிப் பிடுங்கி எடுப்பதே களிக்கட்டியின் தொழில்.

களி என்று வழங்கினாலும் அது வயலிலே வெட்டும் களிமண் அன்று. பிசின் போன்ற செயற்கைப் பொருளொன்றில் மிக நுண்ணிய அரைபொடியைக் கலந்து பிசைந்தது அது. ஜப்பானியரான தடாவோ கொடாட்டே என்பவர் இதற்கு 1995 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அப்பத்திரத்தின் தலைப்பு இப்பொருளைக் களி என்று கூறவில்லை; வளைந்து கொடுக்கும் அரைகல் என்றே கூறுகின்றது. களி என்னும் சொல் மென்மையை நினைவூட்டி நம்மை அயரச் செய்யும். அரைகல் என்னும் சொல்லோ எச்சரிக்கின்றது. கையிற் பிடித்திருப்பது அரைகல் என்பதை மறவாதவரே இவ்வேலையைத் திறம்படச் செய்வர்.

அரைபடக் கூடிய பரப்பின் தடிப்பையும் எண்ணிப் பாருங்கள். இக்காலத்துக் கார்களில் நிறப்பூச்சுக்கு மேலே நிறமற்ற காப்புப் பூச்சொன்று உண்டு. அதன் தடிப்பு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன். மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் எனக் கொள்வர். ஆகவே வண்டியின் பளபளப்பும் காப்பும் மயிரிழையினும் மெல்லிய ஒரு படையை நம்பியிருக்கின்றன. அதிலிருந்து தேய்ந்து போனது மீண்டு வருவதில்லை.

அம்மியிலே அரைப்பவர் இடையிடையே நீர் தெளிக்கின்றார். சாணைக்கல்லில் கத்தி தீட்டுபவரும் கல்லை நனைத்துக்கொள்கின்றார். இரு பொருள்கள் உராயும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று நின்று இரண்டையும் காக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்த உண்மை. களிக்கும் பூச்சுக்கும் இடையே நிற்கும் அத்திரவத்தை இங்கே வழுக்கு நீர் என்று குறிப்பிடுவோம். அதற்குக் கடமைகள் மூன்று. களி பூச்சில் ஒட்டி இழுபடாமல் வழுக்கிச் செல்ல இடந்தருதல் முதலாவது. பிடுங்கப்பட்ட துகள் பூச்சைக் கீறாமல் அதனை ஈரத்தில் மிதக்க வைத்தல் இரண்டாவது. வேலை முடிந்தபின் தீங்கான மிச்சம் எதனையும் விட்டுச் செல்லாமை மூன்றாவது. எந்தத் திரவத்தையும் இம்மூன்றையும் கொண்டு அளந்து பார்த்தல் வேண்டும்.

வெறும் நீர் போதாதா எனச் சிலர் வினவுவர். நீருக்குத் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் இயல்பு மிகுதி. மெழுகிட்ட வண்டியில் அது சேம்பிலை மேல் நீர்போல முத்து முத்தாகத் திரள்கின்றது. முத்துகளுக்கு இடையே உள்ள இடம் உலர்ந்தே கிடக்கும். அவ்விடத்தில் களி ஒட்டிப் பிடித்துத் தன் தடத்தைப் பதித்துவிடும். முதற் கடமையிலேயே நீர் தவறுகின்றது.

மண்ணெண்ணெயும் பெற்றோலும் வழுக்கும் என்பது மெய்யே. ஆனால் அவை களியையே இளக்கிப் பூச்சில் அப்பச் செய்யும். தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. அவற்றை அணுகவே வேண்டாம்.

பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிலர் பரிந்துரைப்பர். அது மெழுகை அகற்றிவிடும் என்பது அதன்மீது சொல்லப்படும் குற்றம். களியும் மெழுகை அகற்றுவதே ஆதலின் அதனைப் பெருங்குற்றமாக நான் கொள்ளேன். எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்கென்றே அது ஆக்கப்பட்டது. வழுக்குத் தருவதற்கு அன்று. சிலவகைக் களி அதனோடு சேரும்போது நெகிழ்ந்து உதிரவும் கூடும். இதுவே அதனை விலக்குவதற்கான தக்க காரணம்.

கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்துப் பயன்படுத்துவோரும் உளர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையூடே வருவது, வன்மை மிக்கது. அத்தகைய நீரில் சவர்க்காரம் நுரைப்பதற்கு முன்னரே தயிர்போலத் திரிந்து வெண்மையான கசடாகப் படியும். துணி வெளுப்போர் எல்லோரும் அறிந்த செய்தி இது. வன்னீர் கிடைக்கும் ஊர்களில் வாழ்வோர், எந்தத் திரவத்தைக் கலப்பதற்கும் சேகரித்த மழைநீரையோ, பற்றறிக்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரையோ கொள்வது நன்று. பற்றறி அமிலத்தை நீரென மயங்கி வாங்கிவிடாதிருக்கவும்.

இனி, கொள்ளத்தக்கவை. முதலாவது, வாகனங்களுக்கென விற்கப்படும் நடுநிலையான ஷாம்பு. நல்ல ஷாம்பு ஒன்றைப் போத்தலில் எழுதியுள்ள அளவைவிடச் சற்றுச் செறிவாகக் கரைத்து, தெளிக்கும் போத்தலில் நிரப்பினால் அதுவே போதுமான வழுக்கு நீராகும். மலிவானது, தாராளமாகத் தெளிக்கலாம், வேலை முடிந்ததும் நீரால் கழுவிவிடலாம். மெழுகு கலந்த ஷாம்பு இதற்கு வேண்டியதில்லை.

இரண்டாவது, நீரூற்றிக் கழுவாமலே துடைத்தெடுப்பதற்கென ஆக்கப்பட்ட கழுவு திரவம். துகளைச் சூழ்ந்து நின்று பூச்சினின்றும் விலக்கி வைப்பதே அதன் நோக்கமாதலால், நாம் கூறிய இரண்டாம் கடமைக்கு அது மிகப் பொருந்தும். இவ்வகைத் தயாரிப்பொன்றின் அறிவுறுத்தலின்படி, கழுவுவதற்கு 256 பங்கு நீருக்கு ஒரு பங்கும், களிக்கு 64 பங்கு நீருக்கு ஒரு பங்கும் சேர்க்க வேண்டும். களிக்கு நான்கு மடங்கு செறிவு வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான இடங்களுக்கு இது மிக ஏற்றது.

மூன்றாவது, துடைத்து மினுக்கும் தெளிப்புத் திரவம். நன்கு வழுக்கும். ஆனால் அவற்றுட் பல, சிலிக்கோனோ மெழுகோ கலந்தவை. பளபளப்புக்காகவே மெல்லிய படையொன்றை விட்டுச் செல்வன. அடுத்து மெழுகிடப் போகின்றவருக்கு அதனால் பெரிய இடரில்லை. காப்புப் படை பூசப் போகின்றவருக்கோ அது பகை. பூசுவது பூச்சோடு பிணையாது. வண்டியின் ஒரு பகுதிக்குப் புதிதாக நிறமடிக்க எண்ணியிருப்போர் சிலிக்கோனை அறவே தவிர்த்தல் வேண்டும். சிலிக்கோன் பட்ட இடத்தில் புதுப் பூச்சு விலகி, மீன்கண் போன்ற குழிகள் விழும் என்பதை நிறமடிப்போர் நன்கறிவர். மேலும் நம் நாட்டு வெயிலில் இவ்வகைத் திரவம் விரைந்து உலர்ந்துவிடவும் கூடும்.

களிக்கட்டியோடு சேர்த்தே விற்கப்படும் திரவம் நான்காவது. அது பொருத்தமானதே, அக்கட்டியை உருக்குலைக்காது என்னும் நம்பிக்கையும் உண்டு. விலை கூடிய சிறு போத்தலாய் இருப்பதே அதன் குறை. விலையை எண்ணித் துளித் துளியாகத் தெளிப்பவர், மலிவான ஷாம்புக் கரைசலைத் தாராளமாகத் தெளிப்பவரைவிடத் தம் வண்டிக்கு அதிகக் கேடு செய்கின்றார். சிக்கனம் நல்ல குணமே. அதனைக் காட்டும் இடம் இதுவன்று.

எனக்குத் தெரிந்த ஒருவர், திருமண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கரிய நிறக் கார் ஒன்றை வைத்துள்ளார். குடும்பத்தின் வருவாய் அக்காரே. நகரத்துக் கழுவுநிலையமொன்றில், நண்பகல் வெயிலில், வெறும் நீரைத் தெளித்து அதன் முன்மூடி முழுவதையும் களியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டனர். நிழலில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மணவீட்டு மின்விளக்கின் கீழே சிலந்தி வலை விரித்தாற்போலக் கீறல்கள் தோன்றின. அவற்றை மறைக்க இயந்திரத்தால் மினுக்க வேண்டியதாயிற்று. மினுக்குதல் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலின் ஆழத்திற்குச் சுற்றிலுமுள்ள பூச்சையும் தேய்த்துச் சமன் செய்வதே. மயிரிழையினும் மெல்லிய அந்தப் படையிலிருந்து இவ்வாறு ஒரு பங்கு வீணே கழிந்தது. ஒரு தேக்கரண்டி ஷாம்பு தடுத்திருக்கக் கூடிய நட்டம் அது.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்வேன். வண்டியை முதலில் நன்றாகக் கழுவுக. நிழலில், தகடு குளிர்ந்தபின் தொடங்குக. களியில் ஒரு பகுதியைக் கிள்ளி, மூன்று விரலளவு தட்டையாக்கிக்கொள்க. இரண்டடிச் சதுரமான இடத்தையும் களியையும் நனையத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோடாக முன்னும் பின்னும் செலுத்துக. களி இழுபட்டால், அது மேலும் அழுத்துவதற்கான குறியன்று. மேலும் தெளிப்பதற்கான குறி. அடிக்கடி களியை மடித்துப் புதுமுகம் காண்க. நிலத்தில் விழுந்த துண்டை இரக்கமின்றி எறிந்துவிடுக. ஒவ்வோர் இடத்தையும் மென்மையான துவாயால் ஒற்றித் துடைத்தபின், முடிவில் ஷாம்பு நீரால் ஒருமுறை கழுவி மெழுகோ காப்போ இடுக. களி பழைய மெழுகையும் கொண்டுபோய்விடும் ஆதலின் இவ்விறுதிப் படியைத் தவிர்த்தல் ஆகாது.

நம் ஊர்களில் இன்றும் பேணப்படும் மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களிலே, முதலில் அடித்த பூச்சே இருப்பின், நிறமற்ற மேற்பூச்சு இராது. களியில் வண்டியின் நிறமே ஒட்டிவரும், அஞ்ச வேண்டாம். ஆயின் அங்கே களியை அரிதாகவே எடுத்தல் வேண்டும். புதிய வண்டிக்கும், விரல் சொரசொரப்பைக் காட்டினாலன்றி இவ்வேலை வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை என்பதே பெரும்பாலும் போதுமானது.

ஆகவே நேயர்களே, கடைக்குச் செல்லும்போது எந்தப் போத்தல் உயர்ந்தது என வினவுவதை விடுத்து, இதன் பின்னர் என் வண்டிக்கு யாது பூசப் போகின்றேன் என உங்களையே வினவுங்கள். காப்புப் படையோ புது நிறமோ எனில் மிச்சம் விடாத ஷாம்புக் கரைசல். மெழுகு மட்டும் எனில் மினுக்குத் திரவமும் ஆகும். நீர் அரிது எனில் கழுவு திரவம். எதனைக் கொண்டாலும் நிறையக் கொள்ளுங்கள்; கையை இலேசாக வையுங்கள்.