வெயிலும் தோலும் எலும்பும்



முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தை ஒருமுறை விரலால் நீவிப் பாருங்கள். கெண்டைச்சதை எல்லாம் பின்னால் இருக்கிறது. முன்பக்கம் தோல், அதை ஒட்டினாற்போல எலும்பு. இருட்டில் நடக்கும்போது கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிக்குமே, அந்த இடம்தான். எலும்பு ஏதோ உணர்ச்சியற்ற கட்டை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதை இறுக்கிப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் நரம்பு நுனிகள் அடர்ந்து கிடக்கின்றன. எலும்புக்குள்ளேயும் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. தோலைப் போலவே எலும்பும் உயிருள்ளது. உடம்பின் மற்ற இடங்களில் சதையும் கொழுப்பும் இரண்டுக்கும் நடுவே இருந்தாலும், தோல் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் எலும்பு கெடும், எலும்பு முறிந்தால் தோல் புண்ணாகும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தோலில் நம் கண்ணுக்குத் தெரிவது மேல்தோல் மட்டும். இமையில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும். மேல்தோலில் ரத்தக்குழாயே கிடையாது. புதுச்செருப்பு உரசி லேசாகத் தோல் உரியும்போது ரத்தம் வராமல் இருப்பது அதனால்தான். இந்த மேல்தோலின் அடியில் செல்கள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கின்றன. பிறந்தவை மெல்ல மெல்ல மேலே வந்து, வழியில் கெரட்டின் என்ற புரதத்தை நிரப்பிக்கொண்டு, மேற்பரப்பை எட்டும்போது உயிரிழந்து தட்டையாகிவிடுகின்றன. இதற்கு ஏறக்குறைய 4 வாரம் ஆகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கையோடு திரண்டு வரும் அழுக்கில் இந்தச் செத்த செல்களும் உண்டு.

தோலின் பலமெல்லாம் அதற்குக் கீழே, உள்தோலில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, முடியையும் மேல்தோலையும் கழித்துவிட்டு, மிஞ்சுகிற உள்தோலைத்தான் பதனிடுகிறார்கள். அதில் பின்னிக் கிடக்கும் நாருக்குக் கொலாஜன் என்று பெயர். செருப்பாகவும் பையாகவும் வருஷக்கணக்கில் உழைப்பது அந்த நார்தான்.

இதே கொலாஜன்தான் எலும்பிலும் இருக்கிறது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு, அதாவது கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்து உண்டான படிகம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன். தோலில் முக்கியமாக இருக்கும் அதே வகைதான். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சதை நீக்கிய கோழிக்கால் எலும்பை வினிகரில் ஒரு வாரம் போட்டு, இடையில் ஓரிரு முறை வினிகரை மாற்றுங்கள். அமிலத்தில் தாது கரைந்துபோகும். எடுத்து வளைத்தால் எலும்பு ரப்பராக வளையும். கையில் இருப்பது கொலாஜன் மட்டும். இதற்கு நேர்மாறானதை நம்மில் பலர் சுடுகாட்டில் கண்டிருக்கிறோம். மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கும்போது, விரலால் சற்று அழுத்தினாலே நொறுங்கும். நெருப்பில் கொலாஜன் எரிந்துபோய்த் தாது மட்டும் மிஞ்சியிருப்பதுதான் காரணம். உறுதியைத் தருவது தாது, முறியாமல் தாங்கும் குணத்தைத் தருவது நார். இரண்டில் எது குறைந்தாலும் எலும்பு எலும்பாக இருக்காது.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கை கால் முறிந்தவர்களுக்கு அதைக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். சூப் ஆறியதும் கட்டியாக உறைகிறதே, அது எலும்பிலும் தோலிலும் இருந்த கொலாஜன் கொதியில் ஜெலட்டினாக மாறி இறங்கியது. புரதம்தான், தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் கால்சியம் கிடைத்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம். எலும்பின் தாது வெந்நீரில் அவ்வளவாகக் கரையாது. கால்சியத்துக்குப் பாலும் தயிரும், கேழ்வரகும், எள்ளும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும்தான் சரி. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை என்று நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது.

பிறந்த குழந்தைக்கு 270-க்கும் மேற்பட்ட எலும்புகள். வளர வளரச் சில ஒன்றோடொன்று சேர்ந்து, பெரியவர்களான பிறகு 206 ஆகின்றன. வளர்ச்சி நின்றதும் எலும்பின் வேலை முடிந்துவிடுவதில்லை. தேய்ந்த சாலையை ஒரு கூட்டம் தோண்டிக்கொண்டே போக, பின்னாலேயே இன்னொரு கூட்டம் ஜல்லி கொட்டி நிரப்பிக்கொண்டு வருமே, அப்படி இரண்டு வகைச் செல்கள் வாழ்நாள் முழுக்க எலும்பில் வேலை செய்கின்றன. ஓரிடத்தைத் தோண்டச் சில வாரம் போதும், நிரப்பப் பல மாதம் வேண்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதிதாகிறது. 30 வயதுவரை நிரப்பும் கூட்டத்தின் கை ஓங்கியிருக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால், தோண்டும் கூட்டத்தை அடக்க ஆள் இல்லாமல் போகிறது. எலும்புப்புரை என்கிற நோய் அங்கேதான் தொடங்குகிறது. வலி இராது, வீக்கம் இராது. பலருக்கு முதல் அடையாளமே முறிவுதான்.

எங்கே பாரம் விழுகிறதோ அங்கே எலும்பு கெட்டிப்படும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். பாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை விண்வெளி வீரர்கள் காட்டிவிட்டார்கள். எடையே இல்லாத நிலையில் அவர்களுடைய இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. மாடிப்படி ஏறுவதும், குடம் தூக்குவதும், வேகமாக நடப்பதும் எலும்புக்கு மருந்து என்று நான் சொல்வது இதனால்தான்.

உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகக் கொஞ்சம், ஆனால் அந்தக் கொஞ்சம் சற்றுக் குறைந்தாலும் தசைகள் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பும் தடுமாறும். ஆகவே சாப்பாட்டிலிருந்து கால்சியம் போதவில்லை என்றால், கழுத்தில் இருக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பச் சொல்லும். சாப்பாட்டில் இருப்பதைக் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது போதிய அளவு இருந்தால் உண்ட கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் உடம்பில் சேரும். இல்லாவிட்டால் 10, 15 சதவீதம்தான். எவ்வளவு கேழ்வரகுக் கூழ் குடித்தும் பயனில்லாமல் போகும்.

இந்த வைட்டமின் டி-யைச் செய்வது தோல். மேல்தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மீது வெயிலின் புறஊதாக் கதிர் படும்போது அது வைட்டமினாக மாறுகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் ஆளுக்கொரு மாற்றம் பெற்று வேலைக்குத் தயாராகிறது.

இதைக் கண்டுபிடிக்க மனிதகுலத்துக்கு ஏறக்குறைய 270 ஆண்டு பிடித்தது. கால் வளைந்து, மார்புக்கூடு புடைத்து வளரும் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றி இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கிளிசன் 1650-இலேயே நூல் எழுதினார். தொழிற்சாலைகள் பெருகி, நிலக்கரிப் புகையும் நெருக்கமான சந்துகளும் வெயிலை மறைத்தபோது, நகரக் குழந்தைகளிடம் அது கொள்ளைநோய் போலப் பரவியது. கிராமத்துக் குழந்தைகளுக்கு இது அதிகம் வருவதில்லை, வெயில்தான் மருந்து என்று போலந்து மருத்துவர் ஷ்னியாடெட்ஸ்கி 1822-இல் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1919-இல்தான், முதல் உலகப்போரில் துவண்டு கிடந்த பெர்லினில், குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் அதை மெய்ப்பித்தார். நோயுற்ற குழந்தைகளின் மீது புறஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, வாரக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு நுனிகளில் கால்சியம் படிந்துகொண்டே வந்தது. ஒரு கையில் மட்டும் ஒளி படச் செய்தாலும் இன்னொரு கையின் எலும்பும் சேர்ந்து குணமாயிற்று. ஒளி பட்ட தோல் எதையோ உண்டாக்கி, ரத்தத்தின் வழியாக உடம்பெங்கும் அனுப்புகிறது என்பது அதிலிருந்து தெளிந்தது. நவீன மருத்துவத்தின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

சரி, வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் வைட்டமின் டி குறைவு ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது? கறுத்த தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி புறஊதாக் கதிரைத் தடுத்துக்கொள்கிறது. கடும் வெயிலில் தோல் வெந்துபோகாமல் நம் முன்னோரைக் காத்தது அதுதான். பகல் முழுக்க வெளியில் உழைத்தவரை அதனால் நட்டமில்லை. இன்றைக்குக் காலையில் வண்டியேறி, கட்டடத்துக்குள் நுழைந்து, பொழுது சாய்ந்து வெளியே வருகிறோம். கண்ணாடி ஜன்னலோரம் வெயில் காய்வதிலும் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இளவெயில்தான் எலும்புக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. காலை ஆறரை, ஏழு மணிக்குச் சூரியன் சாய்ந்திருக்கும்போது, வைட்டமின் டி-க்குத் தேவையான கதிர் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. நமக்குப் பக்கத்தில், திருப்பதியில் நடந்த ஆய்வில், பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் இந்த மாற்றம் அதிகம் நடப்பதாகத் தெரிந்தது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைகால்களில் வெயில் பட சிறிது நேரம் நின்றால் போதும். தோல் எரியும் வரை நிற்கக் கூடாது, தலைசுற்றும் கோடையில் நிற்கவும் வேண்டாம். பச்சைக்குழந்தைகளை இந்த வெயிலில் காட்டாதீர்கள். அவர்களுக்கு மருத்துவர் சொட்டு மருந்து தருவார். பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை என்று எழுதித் தரும் 60,000 யூனிட் மருந்தைத் தினமும் சாப்பிட்டுவிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டு வருகிறவர்கள் உண்டு. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மருந்து அல்ல அது.

கடை என்றதும் எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று இருக்கிறது. நிறம் வெளுக்க என்று இளம் பெண்கள் வாங்கி முகத்தில் பூசும் களிம்புகளில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. மாதக்கணக்கில் பூசினால் உள்தோலின் கொலாஜன் கரைந்து, தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் சிவந்த கோடுகளாகத் தெரியும். வெயிலில் காலெடுத்து வைக்க முடியாதபடி முகம் எரியும். இதே ஸ்டீராய்டை மாத்திரையாக நெடுநாள் சாப்பிட்டால் எலும்பும் மெலியும். தோலும் எலும்பும் ஒரே நாரை நம்பியிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கறுப்பு நோயில்லை. அந்தக் களிம்பை இன்றைக்கே தூக்கி எறியுங்கள். மூச்சிரைப்பு, மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

வயதானால் தோல் மெலிகிறது. 70 வயதுத் தோல் செய்யும் வைட்டமின் டி, 20 வயதுத் தோல் செய்வதில் பாதிகூட இராது. எலும்பு மெலிவதும் அதே வயதில்தான். குளியலறை ஈரத்தில் கால் வழுக்குகிறது. உட்கார்ந்த வாக்கில்தான் விழுகிறார் பாட்டி, தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிடுகிறது. படுக்க வைத்துப் பார்த்தால் ஒரு கால் சற்றுக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும்.

இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம் என்று தைலம் தடவி, கட்டுப்போட்டுப் படுக்க வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. எலும்பு முறிவோடு அது நிற்பதில்லை. அசையாமல் கிடக்கும் உடம்பில், முதுகின் அடியிலும் குதிகாலிலும், எலும்பு உள்ளிருந்து தோலை அழுத்துகிறது. அழுத்தும் இடத்துக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து, பிறகு கறுத்து, படுக்கைப் புண்ணாகிறது. நெஞ்சில் சளி கட்டுகிறது, காலில் ரத்தம் உறைகிறது. பல முதியவர்களின் உயிரைப் பறிப்பது முறிவு அல்ல, அதற்குப் பின் கிடக்கும் கிடை. ஓரிரு நாளில் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைத்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

அதனால் நேயர்களிடம் நான் கேட்பது இதுதான். 60 தாண்டிய அம்மா, அத்தை, பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். அவர்கள் விழுந்து, எழுந்து நிற்க முடியவில்லை என்றால், யாரும் இழுக்கவோ நீவவோ விடாதீர்கள். 108-ஐ அழைத்து, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.