பக்கத்துப் பட்டறை



தொழிற்சாலைகள் எங்கே அமைகின்றன, ஏன் அமைகின்றன என்று பேச அடையாற்றில் கூடியிருக்கிறோம். சென்னையில் ஆலைச் சங்கு அவ்வளவாக ஒலிக்காத பகுதி இது. அந்த அமைதி தானாக வந்ததல்ல.

பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பெரம்பூர்ப் பக்கம் எழுந்தன. அந்தத் தொழிலாளர்களிடமிருந்து 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1955-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் பெரம்பூருக்கே போனது. துறைமுகமும் தண்டவாளமும் வடக்கே இருந்தன என்பது பாடநூல் விடை. தப்பில்லை, ஆனால் அரை விடை. தெற்கே மயிலாப்பூரில் குடியிருந்தவர்கள் வக்கீல்கள், நீதிபதிகள், உயர் அதிகாரிகள். அவர்கள் மொட்டைமாடியில் கரி படிய யார் விடுவார்கள்? அங்கே வந்தது புகை கக்காத தொழில். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன், 1914-ல் சென்னைக்கு வந்து, பின்னாளில் மயிலாப்பூர் லஸ்ஸின் அடையாளமாகவே ஆனது. தலைவலித் தைலத்துக்குச் சரக்கு ரயில் வேண்டாம், தபாலாபீஸ் போதும்.

இந்தக் கணக்கை மாற்றியது கிண்டி. காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது, 1958-ல் அங்கே தொழிற்பேட்டை வந்தது. நிலமும் கொட்டகையும் சொந்தமாக வாங்க வழியில்லாத சிறு முதலாளிக்கு, மின்சாரத்தோடு ஓர் இடம் கிடைத்தது.

போன மாதம் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரு லேத் பட்டறை வாசலில் நின்றிருந்தேன். டிவிஎஸ் 50-ல் தேய்ந்த பம்ப் ஷாஃப்ட் ஒன்று வந்து இறங்கியது. டர்னர் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார், நகத்தால் தேய்மானத்தைத் தடவினார், புதுசே போட்டுவிடலாம் என்றார். கடைசல் அவர் வேலை. கீவே வெட்ட எதிர்ச் சாரி, ஹீட் ட்ரீட்மென்ட் அடுத்த தெரு, கிரைண்டிங் அதற்கும் அடுத்தது. மறுநாள் மாலை புது ஷாஃப்ட் அதே வண்டியில் போய்விட்டது. அத்தனை பேரும் ஒரே டீக்கடையில் கணக்கு வைத்திருப்பவர்கள். பொருளியலாளர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890-லேயே இங்கிலாந்தின் தொழில் வட்டாரங்களை வைத்து எழுதிய விஷயம்தான் இது. அவர் டீக்கடையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெரிய ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனதில் எனக்கு வருத்தமில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது நமக்கு நல்லகாலம். ஆனால் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014-ல் நின்றபோது பல்லாயிரம் பேரின் பிழைப்பு ஒரே வாசலில் நின்றது. லேத் பட்டறைக்கு ஒரு வாடிக்கையாளர் போனால் இன்னொருவர் வருவார். பக்கத்துப் பட்டறை போய்விட்டால்தான் கஷ்டம்.

இப்போது நடப்பது அதுதான். கிண்டிப் பேட்டையில் ஒலிம்பியா போன்ற கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. சதுர அடி விலை ஏற ஏற, கொட்டகையை விற்பதே லாபம் என்று ஆகிறது. நகரம் வளர்ந்தால் இப்படித்தான் என்று இந்தக் கூட்டத்துக்கு வந்த சில கட்டுரைகளில் படித்தேன். நான் ஒப்பவில்லை. ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர் ஒருவர் ஒரகடத்துக்குப் பெயர்ந்தால், இங்கே பத்து லேத்துகளுக்கு ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். நம் புள்ளிவிவரம் அவரை இடம் மாறிய ஓர் அலகு என்று மட்டும் எழுதிக்கொள்ளும்.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைப் பிற்பகல் அமர்வு இல்லை, வேன் ஏற்பாடாகியிருக்கிறது. கிண்டிக்குப் போய், ஒரு ஷாஃப்ட் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். உணவு இடைவேளைக்குப் பிறகு போங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை லேத் ஓடாது.