இத்தாலியில் முதல் நாள்



நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் மேற்படிப்புக்காக இத்தாலியின் பொலோஞா நகரில் போய் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. வீதியோரமெல்லாம் தூண்கள் தாங்கிய கூரை நடைபாதைகள். மழை பெய்தாலும் பெட்டி நனையாது. ஆனால் முதல் நாளில் அழகைவிடக் காகிதமே முக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டு மாணவர், வந்திறங்கிய 8 வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிக்கு மனுச் செய்ய வேண்டும். விசாதான் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. மனுப் பாரங்கள் கிடைப்பது அஞ்சலகத்தில். அதற்குரிய 16 யூரோ அரசாங்க முத்திரையை விற்பதோ புகையிலைக் கடையில்! வேடிக்கைதான். அஞ்சலகம் தரும் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அனுமதி அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அந்த ரசீதே சான்று. ஆகவே கடப்பிதழையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. செப்டம்பரில் இத்தாலி நேரம் நமக்கு 6 மணி பின்னால் இருக்கும். பிள்ளை இரவு 7 மணிக்கு அறை சேர்ந்தால், இங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி. தாயோ தூங்காமல் காத்திருப்பாள். புறப்படுமுன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி இந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும்.