இணையத்துக்கு யார் பொறுப்பு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் போனுக்கு வந்தது. நம் லயங்களுக்குச் சிக்னல் வரவில்லை. பிள்ளைகள் பாறைமேல் ஏறி நின்று பாடம் எடுத்தார்கள். கொரோனா போய்விட்டது. ஆனால் பரீட்சைப் பெறுபேறும் விண்ணப்பமும் இன்றும் இணையத்தில்தான். பல டிவிஷன்களில் பாறை ஏறும் வேலையும் முடியவில்லை.

மற்ற நாடுகள் இதற்கு என்ன செய்தன என்று பார்ப்போம்.

பின்லாந்து 2010 ஜூலையில் இதைச் சட்டமாக்கியது. உலகில் முதல் நாடு அதுதான். எல்லோருக்கும் நியாயமான விலையில், விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இணைப்பு. வேகம் குறைவுதான், பிறகு கூட்டினார்கள். ஆனால் எந்தப் பகுதிக்கு எந்தக் கம்பனி பொறுப்பு என்று அன்றே குறித்துவிட்டார்கள்.

பிரித்தானியாவில் 2020 மார்ச் முதல் 10 மெகாபிட் இணைப்பைக் கேட்டு வாங்க உரிமை உண்டு. ஆனால் இணைப்புக் கொடுக்க 3,400 பவுணுக்கு மேல் செலவானால், மேலதிகத்தை வீட்டுக்காரர் கட்ட வேண்டும். தூரத்து மலையில் இருப்பவருக்கு இங்கேதான் இடிக்கும்.

அமெரிக்கா ஏழைக் குடும்பங்களின் பில்லில் மாதம் 30 டொலர் வரை கழித்தது. 2 கோடி 30 இலட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்தது. நாடாளுமன்றம் புதிதாக ஒதுக்கவில்லை. 2024 ஜூனில் அந்த உதவி நின்றது.

கேரளம் அரசின் சொந்த வலையமைப்பை 2023 ஜூனில் தொடக்கியது. 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்றார்கள். முதற்கட்டத்துக்கு எடுத்தது 14,000 குடும்பங்களை. அறிவிப்பு ஒன்று, வீட்டுக்கு வருவது வேறொன்று.

ஆகவே நாம் கேட்கும்போது மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: வேகம் எவ்வளவு? விலை எவ்வளவு? செய்யாவிட்டால் யார் பதில் சொல்வது?

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐக்கிய நாடுகளின் அகலப்பட்டை ஆணைக்குழு, அடிப்படை இணையச் செலவு சராசரி மாத வருமானத்தில் 2 வீதத்துக்குக் குறைய வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்தச் சராசரிக்குள் கொழும்பு முதலாளியும் இருக்கிறார், கொழுந்து பறிக்கும் அக்காவும் இருக்கிறார். நமக்கு நம் கணக்குத்தான்: ஒரு பிள்ளை மாதம் முழுவதும் படிக்க ரீலோட் போட்டால் எத்தனை பேர் போகிறது?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு கொப்பி போடுங்கள். எத்தனை லயம், எத்தனை பிள்ளைகள், எங்கே சிக்னல் இல்லை, ரீலோட்டுக்கு எவ்வளவு செலவு என்று எழுதுங்கள். கோபுரம் வைக்க இடம் வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்தோடும் பேச வேண்டும். எந்த இடம் என்றும் குறியுங்கள். நம் நாட்டில் இதைக் கவனிப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. மனுவோடு அந்தக் கொப்பிகளையும் அங்கே கொண்டுபோய் வைப்போம். வெறும் மனுவை ஓரமாக வைத்துவிடலாம். லயம் லயமாக எழுதிய கணக்குக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.