இடக்கை ஆடிய கதை



இலக்கியம் பேசும் மேடையில் ஒரு வைத்தியனை ஏற்றிவிட்டீர்கள். அவன் வியாதியைப் பற்றித்தான் பேசுவான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன், எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியை அவருடைய பிள்ளைகள் என்னிடம் அழைத்து வந்தார்கள். அந்த அம்மாளின் வலது கை புடவைத் தலைப்பைப் பற்றியபடி சாந்தமாக மடியில் கிடக்க, இடது கையோ யாரோ நூல் கட்டி இழுப்பதைப்போலச் சுழன்று, விரல்களால் காற்றில் எதையோ எண்ணி, திடீரென்று மேஜைமேலிருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. இடது காலும் அதற்குத் தாளம் போடுவதுபோல உதறிக்கொண்டிருந்தது. புத்தி தெளிவாக இருந்தது. பேச்சில் குழறல் இல்லை. “நான் ஆட்டலை டாக்டர், அதுவா ஆடுது” என்று சிறு பெண்ணைப்போல வெட்கத்தோடு சொன்னார். தூங்கும்போது மட்டும் அடங்கிவிடுகிறதாம். வேப்பிலை அடித்துப் பார்த்துவிட்டு, மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றையும் மணிக்கட்டில் கட்டியிருந்தார்கள். கயிறும் கையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை கூற எனக்கு யோக்கியதை இல்லை. நானும் மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றே தீர்மானம் செய்து ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிவிட்டேன். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தவர், வழக்கம் தவறாத எங்கள் நர்ஸ் அம்மாள்தான். சர்க்கரை 512! தமக்கு நீரிழிவு உண்டென்பதையே அந்த அம்மாள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

இத்தகைய ஆட்டத்துக்குக் ‘கோரியா’ என்று பெயர். கிரேக்க மொழியில் நடனம் என்று பொருள். உடம்பின் ஒரு பாதியில் மட்டும் தோன்றும் இதற்கும் சர்க்கரைக்கும் உள்ள சம்பந்தத்தை 1960-ல் பெட்வெல் என்ற மருத்துவர் எழுதினார். பிற்பாடு 2002-ல் கொரிய மருத்துவர்கள் இத்தகைய 53 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய சராசரி வயது 71 என்றும், பெண்களே அதிகம் என்றும் தெரியவந்தது.

சர்க்கரைக்கும் கை ஆடுவதற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நம் மூளையின் ஆழத்திலே சில நரம்புத் திரள்கள் இருக்கின்றன. அவற்றின் முக்கியமான உத்தியோகம், வேண்டாத அசைவுகளையெல்லாம் வாசலிலேயே தடுத்து நிறுத்துவது. அந்தத் தடைக்குப் பயன்படும் ரசாயனம் ‘காபா’. ரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாகப் பெருகியும் அதைச் செலவிட வழியில்லாமல் நரம்பணுக்கள் பட்டினி கிடக்கும்போது, அவை அந்தக் காபாவையே எரித்துத் தின்றுவிடுகின்றன என்று ஊகிக்கிறார்கள். அதாவது, குளிர் காயக் கதவையே உடைத்து விறகாக்கிய வீட்டுக்காரன் கதைதான். கொழுப்பு கரைந்து கீட்டோன் என்ற பொருள் உண்டாகும் நோயாளிகளுக்கு அதுவே மாற்று எரிபொருளாவதுடன், காபாவைத் திரும்பச் செய்துகொள்ளவும் உதவுகிறதாம். அதனாலோ என்னவோ, கீட்டோன் இல்லாத முதியவர்களிடமே இந்த ஆட்டம் அதிகம் காணப்படுகிறது.

எம்.ஆர்.ஐ. படத்திலே, ஆடும் கைக்கு எதிர்ப்பக்கத்து மூளையில், அந்தத் திரள் இருக்கும் இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். அந்த வெண்மை நுண்ணிய ரத்தக்கசிவா, வீங்கிய அணுக்களா என்று பண்டிதர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாதம் முடியும்வரை நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை என்பது ஓர் ஆறுதல். சி.டி. ஸ்கேனிலும் அந்த வெண்மை ரத்தக்கசிவைப்போலத் தோன்றுவதால், சர்க்கரையைப் பாராத வைத்தியன் ஏமாந்துபோவதும் உண்டு.

அந்த அம்மாளுக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை நிதானமாக இறக்கினோம். ஆட்டத்தைத் தணிக்கச் சில நாள் ஒரு மாத்திரையும் கொடுத்தோம். எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக அடங்குவதில்லை. மாதக்கணக்கில் நீடிப்பவர்களும் உண்டு. இவரோ பத்தாம் நாள் வந்தபோது, டம்ளரை இடது கையாலேயே எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் தண்ணீர் குடித்துக் காட்டினார். குணமானது ஊசியினாலா, கயிற்றினாலா என்று வீட்டில் இரண்டு கட்சி ஏற்பட்டுவிட்டதாக மூத்த பிள்ளை என் காதோடு சொன்னார். கயிறு அப்போதும் மணிக்கட்டில்தான் இருந்தது. இரவு ஊசியைத் தவறவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.