மனக்காயத்துக்கு மருத்துவம்: போகுமுன் அறிய வேண்டியவை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26-ஐயும், ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-ஐயும் நம் குமரிக் கடற்கரை மறக்கவில்லை. இடிந்த வீடுகளைக் கட்டிவிட்டோம். உடைந்த வள்ளங்களுக்குப் பதில் வேறு வாங்கிவிட்டோம். ஆனால் காற்று சற்றுப் பலத்தால் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருகிறவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. கடல் மட்டுந்தானா? வீட்டுக்குள்ளேயே அடிபட்டவர்கள் உண்டு. சிறு வயதில் நேர்ந்த கொடுமையை யாரிடமும் சொல்லாமல் சுமப்பவர்களும் உண்டு.

இது பைத்தியமல்ல, பேய்க்கோளாறுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று இதனை 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இதற்குப் பேச்சு வழியிலான மருத்துவம் உண்டென்பதை உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உறுதி செய்கிறது. அப்படியிருக்க, துணிந்து போகிறவர்களிலும் சிலர் இரண்டாம் மூன்றாம் தடவையோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாததே இதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே அதையே இன்று சொல்ல வந்தேன்.

முதலாவது, போனவுடனே நடந்ததையெல்லாம் ஒப்பிக்க வேண்டியதில்லை. தூக்கம் எப்படி, கனவு வருகிறதா, சாப்பிட முடிகிறதா, குடிப்பழக்கம் உண்டா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா, வீட்டில் துணை யார் என்றுதான் கேட்பார்கள். இவற்றுக்கு ஒளிவின்றிப் பதில் சொல்லுங்கள். நடந்ததைப் பற்றி, "அதை இப்போது பேச முடியாது" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நல்ல சிகிச்சையாளர் அதை மதிப்பார். மதிக்காமல் வற்புறுத்தினால் வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை.

நீங்கள் சொல்வது அந்த அறையோடு இருக்கும். ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் அவர் பிறருக்குத் தெரிவிக்க நேரலாம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆகவேண்டும். இதை முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆரம்பத்தில் கற்றுத் தருபவை மிக எளியவையாகத் தோன்றும். மூச்சை மெல்ல வெளிவிடு, பாதம் தரையில் பதிவதைக் கவனி, கண்முன் தெரியும் ஐந்து பொருள்களைச் சொல் என்பார்கள். "இதற்காகவா பஸ் ஏறி வந்தோம்?" என்று எண்ணிவிடாதீர்கள். சிக்கிய வலையை நடுவில் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும் என்பது நமக்குத் தெரியாததா? ஓரத்திலிருந்துதான் பிரிக்க வேண்டும். பழைய நினைவு பொங்கி வரும்போது, "இது அன்று நடந்தது; இன்று நான் இங்கே பத்திரமாக இருக்கிறேன்" என்று உடலுக்கு உணர்த்தும் பயிற்சியே இது.

மூன்றாவது, முக்கியமானது. நடந்ததைப் பேசத் தொடங்கியதும், சில நாட்களுக்கு நோய் கூடியதுபோல் தோன்றலாம். கெட்ட கனவு மிகலாம், அழுகை வரலாம், உடம்பு அசந்து போகலாம். பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். நிற்காதீர்கள், அடுத்த முறை போய் அதையே சொல்லுங்கள். அவர் வேகத்தைக் குறைப்பார். தாங்கவே முடியாவிட்டால் அந்த நாள்வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள். இத்தகைய சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒருமுறையாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள் வரை நடக்கும். பல ஆண்டுக் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு இன்னும் நாளாகலாம். சிலர் கண்ணை இடமும் வலமும் அசைக்கச் சொல்லும் ஈ.எம்.டி.ஆர். முறையைக் கையாளுவார்கள். 1987-இல் பிரான்சின் ஷப்பீரோ என்ற அம்மையார் தொடங்கிய இம்முறையும் அதே வழிகாட்டுதலில் இடம்பெற்றதே; மந்திரவித்தை அல்ல. தூக்கம் வரவில்லையென்று கடையில் தாமாகவே மாத்திரை வாங்குவதும், குடித்துத் தூங்குவதும் வேண்டாம். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சிலர், "சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, இன்னும் எதற்கு?" என்கிறார்கள். பாவசங்கீர்த்தனம் செய்த பாவத்துக்கு. தனக்கு இழைக்கப்பட்ட கொடுமை பாதிக்கப்பட்டவரின் பாவமல்லவே! கால் ஒடிந்தால் செபமும் செய்கிறோம், கட்டும் போடுகிறோம். இதுவும் அப்படியே.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. சிகிச்சைக்குப் போய் வந்தவரிடம், "என்ன சொன்னாய்? என்ன கேட்டார்கள்?" என்று துருவாதீர்கள். "பழசை மற" என்றும் சொல்லாதீர்கள். மறக்க முடிந்தால் அவர் என்றோ மறந்திருப்பார். சூடாக ஒரு காப்பி கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அன்று வீட்டு வேலையில் கொஞ்சம் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். யாரிடம் போக வேண்டும் என்று அவர்களும் வழிகாட்டுவார்கள்.

நினைவு அழிந்துபோவதல்ல குணமாவது. நினைவு வந்தாலும் அது நம்மைக் கீழே தள்ளாமல், அன்றாட வேலையைப் பார்க்கவும் பிள்ளைகளோடு சிரிக்கவும் முடிவதே குணமாவது. ஐம்பது ஆண்டுகளாகப் பிறப்பிலும் இறப்பிலும் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் நின்ற பங்கு இது. மருத்துவமனைக்குத் தனியே போகக் கூசும் ஒருவருக்கு, "நானும் கூட வருகிறேன், வா" என்று இந்தப் பொன்விழா ஆண்டில் சொல்லுவோம்.